படி பக்கம் ஏழு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கறை ஏறி நைந்துபோன பழைய அட்டைச் சீட்டுகள் ஒரு பக்கம், புதிய சீட்டுகள் இன்னொரு பக்கம். அம்மா வாசிக்க வேண்டும், மகள் எழுத வேண்டும். நான்கு சீட்டு, நான்கு பூனை.

"பம்பர்," என்று கடைசிச் சீட்டை எடுத்தாள் அம்மா. "டிரைவர் பக்கம் முன் கால் ஆறு. படி பக்கம் முன் கால் ஏழு. பின் கால் அஞ்சு, அஞ்சு. மொத்தம் இருபத்திமூணு விரல்."

மகளின் பேனா நின்றது. "படி பக்கமும் ஆறுதாம்மா. குட்டியா இருந்தப்ப நானே எண்ணியிருக்கேன்."

"ஏழு."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

"வண்டிக்குப் படி என்ன ரெண்டு பக்கமுமா இருக்கு?"

"இது பூனைம்மா."

"அதான் சொல்றேன். பூனை உன்னைக் கேட்டுக்கிட்டா பொறக்குது?"

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது மகளின் வேலை. தொழிற்சாலைகள் தங்கள் கருவிகளை அவளிடம் அனுப்பும். முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு பூனையின் விரலை எண்ணுவதில் தான் தவறியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆறு என்றே எழுதினாள். மொத்தம் இருபத்திரண்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புதான். "எழுது, எழுது. வியாழக்கிழமை அதுக்கு நகம் வெட்டப் போறேன்ல? அந்த ஏழாவது நகத்தைக் கொண்டாந்து உன் உள்ளங்கையில வெக்கிறேன். அப்ப உன் மூஞ்சியப் பாக்கணும் நான்."

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மா பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். முப்பத்திரண்டு வருடம். எல்லோருக்கும் அவள் சாவியக்கா. கிடங்குச் சாவியை இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லை. மகள் பிறந்த வருடம் கணவர் வீட்டைவிட்டுப் போனார். தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்டவர்களிடம், "சீட்டு கட்டாத சாமான். எந்த அலமாரியில போய்க் கெடக்குதோ," என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பிரேக் கட்டையோ, கண்ணாடியோ, இரண்டு விரல் நீளத் திருகாணியோ, கிடங்குக்குள் வந்தால் அவள் கையால் ஒரு சீட்டு ஏறும். என்ன பொருள், எந்த வண்டிக்கு, எந்தப் பக்கத்துக்கு. இடது வலது என்று எழுத மாட்டாள். வண்டிக்கு எதிரே நிற்பவனின் இடது வேறு, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் இடது வேறு. டிரைவர் பக்கம், படி பக்கம் என்றால் குழப்பமே இல்லை.

கிடங்கில் எலி இருக்கைப் பஞ்சைக் குடைந்தது, வயர்களைக் கடித்தது. மருந்து வைத்துப் பார்த்தார்கள், பொறி வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு சாம்பல் பூனை தானாக வந்து பழைய டயருக்குள் படுத்துக்கொண்டது. முன்னங்கால்கள் இரண்டும் கையுறை மாட்டியதுபோல் அகலம். பொதுவாகப் பூனைக்கு ஒவ்வொரு முன்னங்காலிலும் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு, ஆக மொத்தம் பதினெட்டு. இதற்கு இருபத்திரண்டு. மெக்கானிக்குகள் எண்ணிப் பார்த்துவிட்டு அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார்கள். உபரி டயரோடு வண்டி வரலாம், உபரி விரலோடு பூனை வரக்கூடாதா?

மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "கோளாறாப் பொறந்திருக்கு. வெளிய விட்டுடுங்கம்மா," என்றார்.

மறுநாள் அவர் வந்தபோது டயரில் ஒரு சீட்டு தொங்கியது. பூனை ஒன்று, கிடங்கு உபயோகம், விரல் இருபத்திரண்டு.

"என்னம்மா இது?"

"சீட்டு கட்டின சாமான் என் கையெழுத்து இல்லாம வெளிய போகாது சார். போன வருஷம் நீங்க போட்ட உத்தரவுதான்."

"அதுக்காகப் பூனைக்குமா?"

"பூனைக்குக் கெடையாதுன்னு உத்தரவுல இல்லையே சார்."

மேலாளர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஸ்டெப்னி ஓர் எலியைக் கவ்விக்கொண்டு வந்து அவர் செருப்புக்கு முன்னால் போட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஸ்டெப்னிக்குப் பிறந்தவற்றில் பாதிக்குமேல் அகலக் கால்தான். இரண்டு குட்டிகளை அம்மா பணிமனையிலேயே வைத்துக்கொண்டாள். பம்பரை மட்டும், ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவருக்குக் கொடுத்தாள். மனைவி இறந்த பிறகு நான்காவது மாடியில் தனியாக இருந்தவர் அவர்.

கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டாள். நகத்தை அவள்தான் வெட்டுவாள். உபரி விரல் தரையில் படாது. அதன் நகம் தேயாமல் வளரும், வளைந்து திரும்பி அந்த விரலின் பஞ்சுச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். ஸ்டெப்னிக்கு ஒருமுறை அப்படி ஆகி, சீழ் பிடித்து, பத்து நாள் மூன்று காலில் நடந்தது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு பூனைக்கும் நகம் வெட்டுவது அம்மாவின் வழக்கம். டிரைவருக்குக் கை நடுங்கும். அவரால் அது ஆகாது.

அம்மா வியாழக்கிழமையைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மெக்கானிக் வைப்பர் கேட்டு வந்து நின்றான். "கொஞ்சம் இரு," என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கொஞ்சம் இருந்தான், இன்னும் கொஞ்சம் இருந்தான், பிறகு கூப்பிட்டுப் பார்த்தான்.

இருபத்தைந்து நாள் கழித்து மகள் சாவியை ஒப்படைக்கப் பணிமனைக்குப் போனாள். மேசை இழுப்பறையில் ஒரு சீப்பு, மூக்குக் கண்ணாடி, நகவெட்டி. சுவரில் ஆணியில் நான்கு சீட்டுகள், எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே எழுதியவை. கிடங்குப் பூனைகள் மூன்றுக்கும் மெக்கானிக்கே ஒருவழியாக நகம் வெட்டிவிட்டிருந்தான். முழங்கைவரை கீறலைக் காட்டினான். "அக்கா கையில மட்டும் பால்குடிக் குழந்தையாட்டம் இருக்கும். என்னைக் கண்டா புலி."

நான்காவது, பம்பரின் சீட்டில் நகம் வெட்ட வேண்டிய வியாழக்கிழமைத் தேதி அப்படியே இருந்தது. மூன்று வார நகம். அதற்குமேல் இருபத்திமூன்று நாள் வளர்ந்திருக்கும். சாவியை மேலாளரின் மேசையில் வைத்தாள், நகவெட்டியையும் சீட்டையும் பையில் போட்டாள். டிரைவர் வீட்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியும் ஏறினாள்.

டிரைவர் கதவைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "வாம்மா. உங்கம்மா மாதிரியே மூச்சு வாங்க வந்து நிக்கற."

"போன் பண்ணியிருக்கலாமே மாமா."

"எழவு வீட்டுக்குப் போன் போட்டு, பூனைக்கு நகம் வளந்துடுச்சுன்னா சொல்றது? நானே ரெண்டு தடவை வெட்டப் பாத்தேன். கை கேக்கல. சதையக் கிதைய வெட்டிடுவேனோன்னு விட்டுட்டேன்."

பம்பர் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அவள் துண்டை விரித்து அதை எடுத்தாள். நகத்துக்குள் தெரியும் ரோஜா நிறக் கோட்டைத் தொடாமல், கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஒவ்வொன்றாக வெட்டினாள். கை நடுங்கவில்லை. பூனையும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. டிரைவர் பக்கம் ஆறு, படி பக்கம் ஆறு, பின்னால் பத்து.

"முடிஞ்சது மாமா."

"எத்தனை?"

"இருபத்திரெண்டு."

டிரைவர் தாடையைத் தடவினார். "உங்கம்மா சத்தமா எண்ணித்தான் வெட்டுவா. இருபத்திமூணு வரும்."

"சீட்டுல இருபத்திரெண்டுன்னுதான்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். சீட்டை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பம்பர் துண்டிலிருந்து குதித்தது. நான்கு தப்படி நடந்தது. படி பக்க முன்னங்காலை முழுதாக ஊன்றவில்லை. உட்கார்ந்து, அந்தக் காலை நக்கத் தொடங்கியது.

"நாலஞ்சு நாளா இப்படித்தான்," என்றார் டிரைவர்.

மகள் பூனையைத் திரும்ப எடுத்தாள். தவறியது பூனையல்ல, எண்ணிய முறைதான். முதலில் மேலிருந்து பார்த்து எண்ணினாள்; இப்போது காலைத் திருப்பி அடியிலிருந்து பார்த்தாள். துணியை நனைத்து முடியை ஒதுக்கினாள். கட்டைவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மடிப்பு. குட்டியாக இருந்தபோது அவள் கண்டதும் இதே மடிப்புதான். வெறும் சதை என்று விட்டிருந்தாள். கைப்பேசி விளக்கைப் போட்டு அவரிடம் நீட்டினாள். நடுங்கும் கையில் வெளிச்சமும் ஆடியது. மடிப்பைத் தன் பெருவிரலால் மெல்ல அழுத்தினாள்.

சின்னதாக ஒரு விரல் எட்டிப் பார்த்தது. அதன் நகம் சாவி வளையம்போல முழுச் சுற்றுச் சுற்றி வந்திருந்தது. நுனி பஞ்சுச் சதையைத் தொட்டு, சிவப்பாக ஒரு குழி பதித்திருந்தது. இன்னும் துளைக்கவில்லை. குழியின் ஆழம் அரை மில்லிமீட்டர், அதற்குமேல் இருக்காது. இருபத்திரண்டை நம்பி அவள் கீழே இறங்கியிருந்தால் இந்த வாரத்துக்குள் உள்ளே போயிருக்கும்.

"வெளிச்சம் ஆடுதும்மா."

"ஆடட்டும் மாமா. எனக்குத் தெரியுது."

நகவெட்டியின் ஒரு முனையை வளையத்துக்குள் நுழைத்தாள். வெட்டினாள். பம்பர் காதை ஒருமுறை உதறியது, அவ்வளவுதான். இறங்கிப் போய், நான்கு காலையும் ஊன்றி, ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவு.

"இருபத்திமூணு," என்றார் டிரைவர், விளக்கை அணைக்கத் தெரியாமல்.

மகள் பையிலிருந்து சீட்டை எடுத்து ஆறை அடித்து ஏழு என்று எழுதினாள். மொத்தத்தையும் திருத்தினாள். மூன்று வாரம் தள்ளி வரும் வியாழக்கிழமையின் தேதியைப் போட்டாள். அப்புறம் துண்டின் மடிப்புகளில் தேடினாள்.

அது கிடைத்தது. பாதி வளையம், பிறை மாதிரி. எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அம்மா கொண்டுவருவதாகச் சொன்ன நகம்.