தட்டு வைத்துப் பிடித்த சிக்னல்

ஏலக்காய் காயவைக்கும் கம்பிவலைத் தட்டுகளைச் சரிவில் நிறுத்தி வைத்தால் மகள் என்னோடு அதிக நேரம் பேசுவாள் என்று நம்பினேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை.

வண்டன்மேட்டில் என் வீடு பள்ளத்தில் இருக்கிறது, செல்போன் டவரோ மேட்டுக்கு அந்தப்புறம். ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிடுவாள். "அப்பா, சாப்..." என்பதோடு அறுந்துவிடும். மீதியை நானே நிரப்பி, காலி வீட்டுக்குப் பதிலும் சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் செல்போன் சிக்னல் பற்றிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்களைச் சுவர் போல அடுக்கினால், சிக்னலை ஒரு திசைக்கு மட்டுமல்ல, ஒரே ஒரு இடத்துக்கே குவிக்கலாமாம், பூதக்கண்ணாடி வெயிலைக் காகிதத்தில் குவிப்பதுபோல. அடுக்கு பெரிதாகப் பெரிதாக, தூரத்தில் இருப்பவரும் 'அருகில்' என்ற கணக்கில் வந்துவிடுவாராம். இந்த வரியை நான் விஞ்ஞானமாகப் படிக்கவில்லை.

அங்கே அலைகளை ஒன்றுசேர்க்கக் கணினி செய்வதை இங்கே கயிறு செய்யும் என்று முடிவுகட்டினேன். காய் உலர்த்தும் பக்கத்து ஏலக்காய் ஸ்டோரில் தட்டுகள் சும்மா கிடந்தன. இரவல் வாங்கி, டவர் தெரிகிற மேல்சரிவில், எல்லாவற்றிலும் பட்டு வரும் அலை ஒன்றாக வந்து சேரும்படி கயிறு பிடித்து அளந்து, பிறை போல வளைத்து நிறுத்தினேன்.

ஸ்டோர்க்காரர் வந்து பார்த்தார். "என்ன சார், வெயிலே இல்ல, எதைக் காயப் போடுறீங்க?"

"சிக்னல்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தனியாக இருப்பவனிடம் ஊர் காட்டும் மரியாதை அது.

நாற்காலியை இங்கும் அங்கும் நகர்த்தியதில், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் போனில் சிக்னல் கோடுகள் நிறைந்தன. ஒரு சாண் தள்ளினால் மறுபடி பாதாளம். அசையாமல் உட்கார்ந்தேன். ஞாயிறு, போன் அடித்தது.

"அப்பா! பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா. நீ?"

"சாப்பிட்டேன்."

அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது.

"அங்க மழையா?"

"இல்லப்பா."

"இங்கயும் இல்ல."

மின்விசிறி சுற்றியது. அவள் அம்மா இருந்தவரை போனை எடுத்துக் கைமாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. பிறகு, பேச்சு நீளாத பழியைச் சுமக்க டவர் இருந்தது.

"அப்ப வைக்கட்டுமாப்பா?"

"சரிம்மா."

சற்றுத் தள்ளி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர்க்காரர் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

"இம்புட்டுப் பேச்சுக்கு நாலு தட்டு போதுமே சார்."