முனியாண்டி அங்கிளின் உயிரணுக்கள்

முனியாண்டி அங்கிளின் உயிரணுக்களைச் சாகவிட்டவள் நான். அது கவனக்குறைவு. அதன்பின் அவை உயிரோடு இருப்பதாக அவரிடமே சொன்னேன்... அது பொய். உங்களிடம்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

என் வேலை ஆய்வுக்கூடத்தில். சிறுநீரகப் புற்றுக்கட்டிக்குள் புகுந்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மரபணுச் செய்தியையும் படிப்போம். எது போராடுகிறது, எது களைத்துக் கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதற்கு அவை உயிரோடு எங்களிடம் வந்துசேர வேண்டும்.

அங்கிள் மலாக்கா பக்கம் ரெம்பியாக்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், சிறுநீரகத்தில் கட்டி. கட்டியை ஆராய்ச்சிக்குத் தர முதலில் மறுத்தார். நான் தமிழில் விளக்கியதும் சம்மதித்துவிட்டார். நம் பிள்ளை கேட்கிறது, கொடுத்துவிடுவோம் என்று மனைவி லெட்சுமி ஆன்ட்டியிடம் சொன்னாராம். எனக்கு எத்தனை பெருமை!

அறுவை முடிந்ததும் கட்டியின் துண்டைப் பனிப்பெட்டியில் வைத்து மலாக்கா மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் காரில் கிளம்பினேன். வழியில் ஒரு கோவில் திருவிழா. அங்கிள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போனால் என்ன?

ஐயர் நட்சத்திரம் கேட்டார். ஆன்ட்டிக்குப் போன் செய்து கேட்டேன். அவர் அழுதுவிட்டார், நீ நல்லா இருக்கணும் என்றார். திரும்பி வந்தால் சாலையை அடைத்துக்கொண்டு தேர். கார் வெயிலில் கொதித்துக் கிடந்தது. பெட்டியின் மூடியை நான் சரியாக அழுத்தியிருக்கவில்லை. பனி முழுக்க உருகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் அணுக்களுக்குச் சாயமிட்டுப் பார்த்தேன். இறந்த அணுக்களில்தான் நீலம் ஏறும். நுண்ணோக்கியில் பார்த்த இடமெல்லாம் நீலம்... திசு தரமாக இல்லை என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாமே! மருத்துவமனையில் அங்கிள் என்னைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டார்: "என் செல்லுங்க என்னம்மா சொல்லுது?"

"நல்லா போராடுது அங்கிள்."

ஆராய்ச்சியில் தெரிவதை வைத்து நோயாளிக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. உண்மையான முடிவாக இருந்தாலும் கூடாது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தடுத்துப் பார்த்தபோதும் அதையே சொன்னேன்.

பிறகு அவர் கண்ணில் படவே இல்லை. நலமாக இருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

போன மாதம் ஆன்ட்டி போன் செய்தார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். ஸ்கேனுக்கு வரச் சொன்ன போதெல்லாம் அங்கிள் போகவில்லையாம். உள்ளேயே சண்டை நடக்குது, ஸ்கேன் எதுக்குலா என்பாராம். ஆன்ட்டியின் குரலில் என்மேல் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள்... அங்கிள் மெலிந்து படுத்திருந்தார். புதுக் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கப்போகிறார்களாம். அதில் எனக்கும் ஒரு பங்கு தரச்சொல்லி டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

"நீயே கொண்டு போம்மா. உன் கையில இருந்தாதான் அதுங்க உசுரோட இருக்கும்."

ஆன்ட்டி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். சரி அங்கிள் என்றேன்.