கிரேஸ் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள்

வாடகை நூல் நிலையம் நடத்திய சகாக்களே, புத்தகத்தில் சாம்பார் கொட்டிக் கொண்டுவந்தால் சண்டை போட நமக்குத் தெரியும். எல்லோர் கையிலும் செல்போன் வந்த புதிதில், திருப்பூரில் எனக்கு நேர்ந்ததற்கு யாரோடு சண்டை போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அட்டைப்படம்

என் கடைக்குப் புத்தகம் எடுக்க வரும் கிரேஸுக்கு ஒன்பது வயது. அம்மா தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியில் டெய்லர். அப்பா நைஜீரியாக்காரர், இங்கே டீ-ஷர்ட் வாங்கித் தன் ஊருக்கு அனுப்புகிறவர். கிரேஸ் பேசுவது அம்மாவின் தமிழ்.

ஒரு சனிக்கிழமை அவள் நிற்கும்போது ஓர் அம்மா மகனோடு வந்தார். மேசைமேல், என் கடையில் அதிகம் போகும் சாகசக் கதை கிடந்தது. அட்டையில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். எதிரே எலும்பு மாலை போட்ட கறுப்பு மனிதர்கள். பையன் படத்தைப் பார்த்தான், கிரேஸைப் பார்த்தான்.

"அம்மா, இந்தப் புள்ளயோட அப்பாங்க இது."

"சும்மா இரு கண்ணு" என்ற அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், மறைக்கப்போவதில்லை. கிரேஸ் அட்டையை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது எங்கப்பா இல்ல அங்கிள். எங்கப்பா சட்டை போட்டிருப்பாவ."

ஒயிட்னர்

அந்தப் புத்தகத்தையே எடுத்துப்போனாள். திங்கட்கிழமை திரும்பி வந்தது. புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் அந்த மனிதர்களின் முகம், கை, கால் எல்லாம் ஒயிட்னர் பூசியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் இப்படிப் பாழ் பண்ணினாய் என்று கேட்டேன். அவள் பயப்படவே இல்லை.

"வெள்ளையாக்கிட்டா அந்தப் பையன் இவங்கள சுட மாட்டாம்லா அங்கிள்."

கரடி

அன்றைக்கே அலமாரி முழுவதும் துழாவினேன். கிரேஸைப்போல ஒரு பெண் வரும் கதை ஒன்றாவது கிடைக்காதா? அரக்கி கறுப்பு, திருடன் கறுப்பு, இளவரசி பால் நிறம். கடைசியில் மிருகங்கள் மட்டுமே வரும் கதை ஒன்றைக் கொடுத்தேன். மனிதர்களே இல்லை, வம்பில்லை என்று நினைப்பு.

இரண்டு நாளில் கொண்டுவந்தாள். பிடித்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "அந்தத் துப்பாக்கிக் கதையில செத்துப்போன ஒருத்தருக்கும் பேரில்ல அங்கிள். இதுல கரடிக்குக்கூடப் பேரு வச்சிருக்காவ."

சாகசக் கதையை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் அதைப் படித்துப் பார்க்காமலா வாடகைக்கு விட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள், மூன்று தடவை படித்து ரசித்துவிட்டுத்தான் விட்டேன்.