ஊதினால் ஜீரோ

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கேட் செக்யூரிட்டியாக இருந்தேன். பத்தாவது படித்த எனக்கு அங்கே கொடுத்த பெரிய பொறுப்பு, டம்பர் லாரி டிரைவர்களின் வாய்க்கு நேராக ஊது மிஷினை நீட்டுவது. ஜீரோ காட்டினால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. சாராயம் தவிர வேறு எதையும் கேட்க ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.

ஒருநாள் காலை ஷிஃப்டில் டிரைவர் செல்வராசு ஊதினான். ஜீரோ. கையெழுத்துப் போடுவதற்குள் பேனா இரண்டு முறை விரலிலிருந்து நழுவி விழுந்தது.

“என்னப்பா ஆச்சு?”

“முதுகு புடிச்சுக்கிச்சுண்ணே. லாரி சீட்டு ஸ்பிரிங் போயி மூணு மாசமா எழுதிக் குடுக்குறேன், எவன் பாக்குறான்? டவுன்ல டாக்டரு சதை தளர மாத்திரை குடுத்தாரு. இப்ப வலியே இல்ல. ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கு.”

“அதப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டலாம்னாரா?”

“கூடாதுன்னாரு. அதான் பைக்க எடுக்காம பஸ்ல வந்தேன்.”

பெருமையாகத்தான் சொன்னான். இமை பாதியில் நின்றது. குழிக்குள் இறங்கும் சரிவு முழுக்க பிரேக்கை மிதித்தே வண்டியை இறக்க வேண்டும். கீழே பாறையில் துளை போடும் ஆட்கள் நிற்பார்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

சேஃப்டி ஆபீசர் வந்தார்.

“யோவ், ஜீரோதானே காட்டுது? நீ என்ன டாக்டரா? உள்ள வுடுய்யா, புரொடக்‌ஷன் நிக்குது.”

ஆபீசர்களிடம் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ வந்தது: “சரிங்க சார். மொத நடைக்கு நீங்களும் அவங்கூட ஏறிப் போயிட்டு வந்துருங்க சார்.”

நக்கலாகச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

“வாங்க சார், பைய போவோம்” என்று செல்வராசு அன்பாகக் கூப்பிட்டான். கூப்பிட்டவன் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆபீசர் மிஷினைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “இன்னிக்கி லீவு போட்டுக்கடா” என்றார்.

மறுவாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள்: ‘முதுகுவலி உள்ளவர்கள் பணிக்கு வரக் கூடாது.’ கூடவே புது ஊது மிஷின் ஒன்றும் வந்தது.

கேட்டில் நிற்க வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மிஷின் சாராயத்தை மட்டும்தான் பார்க்கும். ஆளை நாம் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் ‘உள்ளே விடு’ என்றால் சண்டை போடாதீர்கள். அவரையும் வண்டியில் ஏறச் சொல்லுங்கள். ‘சார்’ போட்டுச் சொல்லுங்கள்.