பாலத்தில் அவர் வந்த பக்கம்

அந்தக் காரைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. வீதியில் ஓடுகிற கார் அல்ல அது, வீடியோ கேமில் வருகிற கார். நான்கு கதவு, நீண்ட மூக்கு, உலகத்தில் எந்தக் கொம்பனியும் செய்யாத வாகனம். விளையாட்டின் முதல் பாகத்தில் அதற்கு இழுவையே கிடையாது. இரண்டாம் பாகத்தில் இழுவையைக் கூட்டிவிட்டு பிறேக்கில் கை வைத்துவிட்டார்கள். இப்போது வந்திருக்கிற பாகத்தில் வளைவென்றால் பின்பக்கம் வெளியே வீசும். ஹான்ட் பிறேக்கைத் தொட்டால் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். ஆனால் நேர் றோட்டில் அன்றைக்கும் இன்றைக்கும் தங்கம். மூன்று பாகத்திலும் நான் வேறு காரில் ஏறியதில்லை, அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

என் கணவருக்கும் அதே கார்தான். ஒப்பந்த வேலைக்கு அவர் கனடா போன பிறகு, ஞாயிறு காலைகளில் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து நானும், அங்கே சனி இரவில் அவரும் அந்த விளையாட்டு நகரத்துக்குள் சந்தித்துக்கொள்வோம். திருகோணமலையை விட்டு வரமாட்டேன் என்பது கலியாணத்துக்கு முதல் நான் வைத்த ஒரே நிபந்தனை. ஓம் என்று தலையாட்டித்தான் தாலி கட்டினார். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் விமானம் ஏறினார். "இங்க கார் ஓட லைசென்சும் எடுக்கமாட்டன். இங்கயே இருக்கவோ வந்தனான்?" என்பார். பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறாரே என்று நான் உருகிப்போவேன்.

அந்த நகரத்தில் வாகனங்கள் வலப்பக்கம் போகும். ஊரில் சல்லிக் கிராமத்து றோட்டில் இடப்பக்கமாகக் கார் பழகிய எங்களுக்கு அது கைக்கு வரவில்லை. இடப்பக்கமே ஓட்டுவோம். எதிரில் வருகிறவனெல்லாம் ஹோர்ன் அடித்துத் திட்டுவான். "ஊரை விட்டாலும் பக்கத்தை விடமாட்டம்" என்று இவர் சிரிப்பார். துறைமுகப் பாலத்தில் ஆளுக்கொரு முனையிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஹோர்ன் அடித்துக் கடந்துபோவதுதான் எங்கள் முதல் வேலை. கொஞ்ச நாளாகவே அவருடைய கார் நடுக்கோட்டைத் தொட்டுத் தொட்டு வந்தது. கேட்டால் வேலைக் களைப்பு என்பார்.

போன மாசம் ஒரு ஞாயிறு, நான் வழக்கம்போல இடப்பக்கம் வந்தேன். அவர் என் முகத்துக்கு நேரே வந்தார். விலகுவார் என்று நினைத்தேன். விலகவில்லை. இரண்டு காரும் மூக்கோடு மூக்கு நொறுங்கின.

"என்னப்பா இது?" என்று ஹெட்செட்டில் கேட்டேன்.

"இந்தக் கார் சரியில்லை. புதுப் பாகத்தில கெடுத்துப்போட்டாங்கள். தானாப் பக்கத்துக்கு இழுக்குது."

வளைவென்றால் நம்பியிருப்பேன். அது நேர்ப் பாலம். நேர் றோட்டில் அந்தக் கார் ஒரு பக்கமும் இழுக்காது. இழுத்தது இவருடைய கை. வலப்பக்கம் ஓடுகிற கனடா வீதியில் தினமும் ஓட்டாமல் ஒருவருக்குக் கை அப்படி மாறாது.

"நீங்கள் அங்க கார் ஓடுறீங்களோ?"



"ஓம். உமக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப துவங்கி?"

"போன பனிக்கு முதலே."

அப்படியென்றால் பஸ் தரிப்பிடத்தில் கால் விறைக்குது என்று சொன்ன நாளெல்லாம் ஹீற்றர் போட்ட காருக்குள் இருந்திருக்கிறார். நான் இங்கே வியர்த்துக்கொண்டு அவருடைய குளிருக்கு அழுதிருக்கிறேன். கார் வாங்கியது குற்றமே இல்லை. என்னை மடைச்சியாக்கியது பச்சைத் துரோகம்.

"ஒப்பந்தம் முடிய வருவீங்கள்தானே?" நேராகவே கேட்டேன்.

"உம்மட பாஸ்போட்டை ஒருக்காப் புதுப்பிச்சு வையும்" என்றார், சாப்பிட்டீரா என்று கேட்கிற அதே குரலில்.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதற்குள்ளிருந்து பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பொறும் என்றார், வீடு பார்த்திருக்கிறேன் என்றார், வந்து பார்த்தால் உமக்குப் பிடிக்கும் என்றார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.