நகராமல் நின்ற குதிரை

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். எல்லையில் ஒருநாள் குண்டு விழுந்து, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் போய்விட்டார்கள். அதன் பிறகு அவர் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. பென்ஷனோடு வந்துவிட்டார். எனக்கு தில்லியில் அரசாங்க வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மகளோடு மூன்று பேரானோம்.

அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் வந்த புதிதில் ஒரு காலை, ஜன்னலோரம் நின்றிருந்தவருக்குக் காபி கொடுக்கப் போய், பின்னாலிருந்து தோளைத் தொட்டேன். திரும்பிய வேகத்தில் அவர் கை என் கழுத்தில் இருந்தது. மறுநொடி விட்டுவிட்டார். சிந்திய காபியை நான் துடைத்தேன். அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

மனநல டாக்டர்தான் அவரைக் குதிரைகளிடம் அனுப்பினார். சத்தர்பூர் தாண்டி ஒரு பண்ணை. சவாரியெல்லாம் கிடையாது. குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், கயிற்றைப் பிடித்து நடத்திப் போக வேண்டும். நாலைந்து வாரம் தனியாகப் போய்வந்தார். பிறகு குடும்பத்தோடு வரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று அவர் பின்னால் சாதுவாக நடந்தது. இரண்டு சுற்று முடிந்ததும், பயிற்சி தரும் அம்மாள் கயிற்றை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் நடந்தேன். கயிறு இறுகியது. குதிரை அசையவில்லை. காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

"மூச்சு விடுங்க, பெஹன்ஜி" என்றார் அந்த அம்மாள் இந்தியில்.

விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தேன். விடவில்லை.

வேலிக்கு அப்பால் நின்றிருந்த கணவர் சிரிக்கப் பார்த்தார். "அவ எப்பவும் இப்படித்தாங்க. வீட்லயும் வெறைச்சுப்போய்தான் நிப்பா."

"அப்பா, அம்மாவுக்கு உங்கள பார்த்தா டர் லக்தா ஹை!"

அவர் பக்கத்தில் நின்ற மகள்தான் சொன்னாள். அவசரத்தில் 'பயம்' என்ற வார்த்தை அவளுக்குத் தமிழில் வரவில்லை.

அவர் முகம் மாறியது. வேலிக்கட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. நான் மகளுக்கும் அவருக்கும் நடுவே போகப் பார்த்தேன், கையில் குதிரையின் கயிறு. அவர் சட்டென்று திரும்பி கேட்டைப் பார்த்து நடந்தார்.

"ஏங்க!"

நிற்கவில்லை. முன்பு ஒருமுறை இப்படிப் போனவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். மகள் அழ ஆரம்பித்தாள். "இருங்க, பின்னாடி போகாதீங்க" என்றார் அந்த அம்மாள். எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியாது. குதிரையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அதன் சூடு மட்டும் நினைவிருக்கிறது.

அவர் கேட்டைத் தாண்டவில்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்று கேட்டார்.

"எத்தினி நாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அந்தக் காபி கொட்டுன அன்னிக்கிலேர்ந்து" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும்தான்" என்றார். "என் கையப் பார்த்தாலே பயமா இருக்கு."

திரும்பும்போது ஆட்டோவில் மகள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் இன்னும் மோசம்தான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, நான் சமையலறையில் இருக்கும்போது உள்ளே வருவதற்கு முன் கதவருகே நின்று, "நான்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார்.