தூசி என்று துடைத்தது

போட்டோக்காரர் மூன்று வருஷமாகத் தன் மனைவியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவரில் படம் மட்டும் இருந்தது. அதைக் கண்டால்தான் மனிதருக்குக் குலை நடுங்கும். சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்வார்.

கறுப்பு வெள்ளையில் அவர் கெட்டிக்காரர். பிலிமில் எடுத்து, தானே கழுவி, ஸ்கேனரில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருட்டையும் வெளிச்சத்தையும் பதம் பார்த்து, அப்புறம்தான் பிரிண்ட் போடுவார். "பிலிமோட ஆழமும் வேணும், கம்ப்யூட்டரோட பிடியும் வேணும்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரையும் கழுத்தறுப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி கூப்பிட்டபோதும் யாருடைய கல்யாணப் படத்துக்கோ பதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இதோ வந்துட்டேன்" என்றவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் அவளுடைய பழைய பிலிம் ஒன்றை ஸ்கேன் செய்து, பிரிண்ட் போட்டு மாட்டினார். எடுத்த அன்று சிரித்தவள் சுவரில் ஏறியதும் வெறித்தாள். அவள் தன்னை மன்னிக்கவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கண்கள் அவரைச் சும்மா விடவில்லை.

ஒரு நாள் மகள் தன் வீட்டுக்கு ஒரு பிரதி கேட்டு வந்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, அம்மா கண்ணுல வெளிச்சமே இல்லையே. ரெண்டும் குழி மாதிரி இருக்கு."

"அவ என்மேல கோவமா இருக்கா."

"படம் எப்படிப்பா கோவப்படும்? நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

பழைய ஸ்கேன் விவரத்தைத் திறந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். கலர் பிலிமுக்கான தூசி நீக்கும் வசதியை அணைக்க மறந்திருந்தார். கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அதையும் தூசி என்று எண்ணி ஸ்கேனர் துடைத்துவிடும். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வெள்ளி அதிகம் சேரும்; அப்படிச் சேர்ந்து துடைபட்டுப் போனவை, அவள் கண்ணில் மினுங்கிய இரண்டு புள்ளிகள். தொழிலுக்குப் புதிதாக வந்தவன்கூட இதில் கோட்டைவிட மாட்டான். ஆனால் அந்த வாரம் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

வசதியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தார். கண்கள் மினுங்கின. "இதுதாம்பா நம்ம அம்மா" என்று மகள் அழுதாள். மூன்று வருஷத்துப் பாரம் அவருக்கு இறங்கியது. கோபம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

ஆசை அடங்காமல் ஒரு கண்ணைத் திரை நிறையப் பெரிதாக்கினார். புள்ளிக்குள், அன்று அவள் கண்ணில் பிரதிபலித்த ஒரு ஜன்னல் தெரிந்தது. அதன் முன்னால் ஓர் ஆள், கேமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி.

"யாருப்பா அது?"

"நான்தான்."

"மூஞ்சியே தெரியலையே."

"அவ பார்த்ததும் இவ்வளவுதாம்மா" என்றார் அவர்.